ஆட்சேபணை எதுவும் வரவில்லை

"நான் என்ன கேட்டேன் உன்கிட்ட? ஃபைல்ல கையெழுத்துப் போடுன்னா சொன்னேன்? ஒரு வார்த்தை..."

"அந்த ஒரு வார்த்தையைத்தான் சொல்லக் கூடாது பாப்பா, அதைத்தான் நான் திரும்பத் திரும்ப..."

"திரும்பத் திரும்ப இப்பச் சொல்ற. அப்பச் சொல்லல."

"அப்பச் சொல்லியிருந்தா அது தப்பு."

"அப்ப இது சரியா?"

தங்கை துடைப்பத்தைத் தூக்கித் தரையைக் காட்டினாள். குளியலறை மூலையில் இருந்த துவாரத்திலிருந்து கருப்புத் தண்ணீர் சத்தமில்லாமல் ஊறிக்கொண்டிருந்தது. அவள் பின்வாசல் பக்கமாகத் தள்ளத் தள்ள, தள்ளியதற்குச் சமமாக மறுபடியும் வந்தது. அண்ணன் கால்சட்டையை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டு, காலணிகளைக் கையில் பிடித்தபடி நடையில் நின்றார். எங்கே வைப்பதென்று தெரியவில்லை. முன்னறையில் கட்டில்மேல் வாடிக்கைக்காரர்களின் துணி மூட்டைகள் ஏறியிருந்தன. தையல் மெஷின் மட்டும் செங்கல் மேல் நின்றதால் தப்பித்தது. குனிந்து தைத்து முதுகு விட்டுப்போனதால் போன வருஷமே அவள் அதற்குக் கீழே செங்கல் கொடுத்திருந்தாள்.

ஐம்பத்தைந்து வயதுக்காரியை இன்னும் பாப்பா என்று கூப்பிடும் மனிதர், நகர அமைப்பு அலுவலகத்தில் மூத்த பொறியாளர். ஊரைச் சுற்றி எந்த நிலத்தை மனைகளாகப் பிரிப்பதென்றாலும் அந்த வரைபடம் அவர் மேஜைக்கு வந்தாக வேண்டும். புது வீடுகளுக்கு வண்டிகள் போய்வரப் பழைய ரோடு போதுமா, அவர்களுடைய கழிவுநீரைப் பழைய குழாய் தாங்குமா என்று பார்த்துச் சொல்வது அவர் வேலை. அலுவலகத்தில் அவருக்கு வைத்த பெயர் ரசமட்டம். கொத்தனார் சுவரில் வைத்துப் பார்ப்பாரே, குமிழி நடுவில் நின்றால்தான் மட்டம் சரி, அது. யார் பக்கமும் சாயாதவர் என்று மரியாதையாகவும் சொல்லலாம், வேறு மாதிரியும் சொல்லலாம். அவர் மனைவி இரண்டாவது ரகம். "இந்தக் கலர் எனக்குப் பொருந்துதான்னு கேட்டா, கட்டினவன் நான், அபிப்பிராயம் சொல்லக் கூடாதுன்னுடுவாரு" என்று நாத்தனாரிடம் சொல்லிச் சிரிப்பாள்.

தங்கை வீட்டுத் தெருவுக்குப் பின்னால் பெரிய வெட்டவெளி ஒன்று இருந்தது. அதை மனைகளாகப் பிரிக்கும் வரைபடம் வந்தபோது, அதில் தெருப் பெயரைப் பார்த்ததுமே அவர் ஃபைலை மூடிவிட்டார். அதிகாரியிடம் போய், அந்தத் தெருவின் கடைசி வீடு என் தங்கச்சியோடது, இதை நான் பார்ப்பது முறையில்லை என்றார். அதிகாரிக்குப் புல்லரித்துப்போயிற்று. நாலு பேர் முன்னால் அவரைப் புகழ்ந்துவிட்டு, ஃபைலை வேறு ஊரிலிருந்து புதிதாக மாறிவந்திருந்த பெண் பொறியாளரிடம் கொடுத்தார். ஒதுங்கிக்கொண்டவர் அந்த ஃபைலைப் பற்றி வாய் திறக்கக் கூடாது, அது பேச்சுக்கு வரும்போது அறையிலேயே இருக்கக் கூடாது என்பது அங்கே நடைமுறை. அவர் அட்சரம் பிசகாமல் நடந்துகொண்டார். பேச்சு அந்த மனைப்பிரிவுக்கு வந்தால் எழுந்துபோய்த் தாழ்வாரத்தில் குடிதண்ணீர்க் குழாயருகே நிற்பார்.

ஆனால் அவருக்கு ஒன்று தெரியும்.

தங்கை வீடு கட்டியபோது, கழிவுநீர் இணைப்புக் கொடுத்த அன்று லீவு போட்டுவிட்டு வந்து கூடவே நின்றவர் அவர். தெருவில் மேன்ஹோல் மூடியைத் திறந்தார்கள். உள்ளே தண்ணீர் ஓடவில்லை, குட்டை மாதிரி நின்றது. வளைவுக்கு அப்பால் குழாய் இறங்கிப் போயிருந்தது. "இங்க வாட்டமே இல்லையே சார்" என்று மேஸ்திரி தலையைச் சொறிந்தார். வரைபடத்தில் நல்ல சரிவு போட்டிருந்தது. புதைத்தவன் அப்படிப் புதைக்கவில்லை. அப்போது தெருவில் ஏழெட்டு வீடுகள்தான். அதற்கு இது போதும் என்று விட்டுவிட்டார்.

புதிதாக வந்தவளுக்கு வரைபடம்தான் கதி. அதை வைத்துக் கணக்குப் போட்டாள், கணக்கில் ஒரு குற்றமும் இல்லை. குழாய் தாங்கும். ரோட்டை மட்டும் கொஞ்சம் உயர்த்திப் புது ரோட்டோடு சேர்த்தால் போதும். ஒருநாள் அவளே இவரிடம் வந்து, நீங்கள் எல்லாத் தெருவும் பார்த்தவராயிற்றே, அங்கே ஏதாவது கவனிக்க வேண்டியது உண்டா என்று கேட்டாள். அதைப் பற்றி நான் பேசக் கூடாதம்மா என்று சொல்லிவிட்டார். மேன்ஹோலைத் திறந்து ஒருமுறை பார் என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. சொன்னால், தங்கச்சி வீட்டுக்காகத்தான் சொன்னார் என்று நாளைக்கு ஒருத்தன் சொல்லுவான். விழுங்கிவிட்டார்.

அத்தோடு போயிருந்தால்கூடப் பரவாயில்லை. கருத்துக் கேட்புக் கூட்டத்துக்குத் தெருக்காரர்கள் வரலாம், ஆட்சேபணை இருந்தால் சொல்லலாம் என்று விளக்குக் கம்பத்தில் நோட்டீஸ் ஒட்டினார்கள். தங்கை அண்ணன் வீட்டுக்கு வந்து, தையலைப் போட்டுவிட்டுத்தான் போக வேண்டும், நாங்கள் அவசியம் போக வேண்டுமா என்று கேட்டாள். அதை நான் சொல்லக் கூடாது, உன் இஷ்டம் என்றார் அவர். அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். சின்ன வயசில் மதில் ஏறினாலும் கிணறு எட்டிப் பார்த்தாலும் முதலில் அண்ணன் முகத்தைத்தான் பார்ப்பாள்; அது மாறவில்லையென்றால் பயமில்லை. அன்றும் மாறவில்லை. நிம்மதியாகத் திரும்பிப் போய்த் தெருவிலும் சொன்னாள். எங்கண்ணன் அங்கதானே இருக்கார், ஏதாவது இருந்தா சொல்லமாட்டாரா, வேலையைக் கெடுத்துக்கிட்டு எதுக்குப் போகணும் என்று. ஒருத்தரும் போகவில்லை. தாழ்வாரத்தில் நின்றிருந்தவர் காதில், ஆட்சேபணை எதுவும் வரவில்லை என்று உள்ளே வாசிப்பது விழுந்தது.

வெட்டவெளி நிறைய வீடுகள் வந்தன. தெரு உயர்ந்தது, வாசல்படிகள் ரோட்டுக்குள் புதைந்தன. இந்த வாரம் தாழ்ந்த பக்கத்து வீடுகள் எல்லாவற்றிலும் குளியலறை வழியாகத் தண்ணீர் ஏறியது.

"எதிர்வீட்டு டீச்சர் எங்கிட்ட பேசி மூணு நாளாச்சு" என்றாள் தங்கை. "அவங்க அம்மா எழுந்து நடக்க முடியாதவங்க. கட்டிலுக்கு அடியில இந்தத் தண்ணி. பக்கத்து வீட்டுக் கண்டக்டர் நேத்து வந்து, உங்க பேச்சைக் கேட்டுத்தானேம்மா போகலன்னு மட்டும் சொல்லிட்டுப் போனாரு. திட்டியிருந்தாக்கூடத் தேவலை."

லாரியோடு வெளியூர் போயிருந்த அவள் புருஷன், போனில் ஒரே வார்த்தைதான் கேட்டாராம், உங்கண்ணன் வந்தாரா என்று.

"நான் மேல எழுதறேன் பாப்பா. குழாயை மாத்தியே ஆகணும்னு..."

"குழாய் வரும்போது வரட்டும். சாயங்காலம் எல்லாரும் தெருவுல கூடறாங்க. நீ வந்து சொல்லு. இவளுக்கு ஒண்ணும் தெரியாது, எனக்குத்தான் தெரியும், நான்தான் சொல்லலன்னு. இங்க இருபது வருஷமா இருக்கேண்ணா. யார் வீட்டுல யாருக்கு எத்தனை சுத்தளவுன்னு எனக்குத் தெரியும். அவங்க என்னைப் பொய்க்காரின்னு நினைச்சா நான் எப்படி இங்க இருக்கறது?"

அவர் காலணிகளை மறு கைக்கு மாற்றினார். தெரிந்தும் மறைத்தார் என்று ஆனால் விசாரணை வரும். ஓய்வு பெற இன்னும் கொஞ்ச காலம்தான். ரசமட்டம் என்று இத்தனை காலம் கூப்பிட்டவர்கள் என்ன கூப்பிடுவார்கள் என்பதும் மனசில் ஓடாமல் இல்லை. தங்கை துடைப்பத்தைச் சாய்த்து வைத்துவிட்டு அவர் முகத்தையே பார்த்தாள்.

"வரேன்" என்றார்.

சாயங்காலம் திறந்து கிடந்த மேன்ஹோலைச் சுற்றி நின்றார்கள். ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர்தான் பேசினார். கூட்டத்தை உள்ளே தள்ளிப் பழகிய குரல், இன்று அடங்கி வந்தது. பொறியாளர் சுருட்டிய கால்சட்டையை இறக்கிவிட மறந்துபோய் நடுவில் நின்றார். நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னார். குழாய் இறங்கியிருந்ததைப் பார்த்தது, ஃபைலை ஒப்படைத்தது, அந்தப் பெண் கேட்டும் சொல்லாதது, எல்லாம். நடுவில் யாரும் குறுக்கிடவில்லை. தங்கை தன் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். சொல்லச் சொல்ல அவள் தோள் இறங்கி இலகுவாவதை அவர் பார்த்தார். இதை முன்னமே செய்திருக்கலாமே என்று இருந்தது அவருக்கு.

கண்டக்டர் தொண்டையைச் செருமினார்.

"உங்களுக்கு முன்னாடியே தெரியும்ங்கறீங்க. சரி சார். ஆனா தங்கச்சிகிட்ட சொல்லலைங்கறீங்க."

"சொல்லல."

"வீடு கட்டும்போது கூடவே நின்னீங்க. சொந்தத் தங்கச்சி. அவங்க வீட்டுக்குள்ளதான் முதல்ல வரும்னு தெரியும். அப்பவும் சொல்லல."

"சொல்லக் கூடாது. அதான் முறை."

யாரோ சின்னதாகச் சிரித்தார்கள். சிரிப்பில் கோபம் இல்லை. பஸ்ஸில் டிக்கெட் எடுக்காதவன் சொல்லும் காரணத்தைக் கேட்டுச் சிரிப்பார்களே, அந்த மாதிரி.

டீச்சர் பொறியாளரைப் பார்க்கவேயில்லை. வாசலில் நின்றவளைப் பார்த்துக் கேட்டாள்.

"அப்ப போன வருஷம் நீங்க மட்டும் மெஷினுக்குச் செங்கல் வச்சீங்களே அக்கா. அது எதுக்கு?"

"முதுகு வலி டீச்சர்."

சொன்ன பிறகுதான் அது காதில் எப்படி விழும் என்று அவளுக்கே தெரிந்தது. பொறியாளர் இரண்டடி முன்னால் வந்து, அவள் சொல்வது உண்மை, நான் சத்தியமாகச் சொல்கிறேன் என்றார். சாருக்குத் தங்கச்சி மேல பாசம் இருக்கும்தானே, அதைத் தப்புச் சொல்ல முடியாது என்று கண்டக்டர் பெருந்தன்மையாகச் சொன்னார். யார் பக்கமும் சாயாதவர் என்று பெயர் வாங்கிய மனிதர் முதல் தடவையாக ஒரு பக்கம் சாய்ந்து பேசினார். அதை அவர்கள் சாய்ந்த பேச்சாகவே எடுத்துக்கொண்டார்கள். அதற்குமேல் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. கழிவுநீர் உறிஞ்சும் லாரி நாளைக்கு வருமா, தெருவை அடைத்துக்கொண்டு நின்றால் வண்டிகளை எங்கே விடுவது என்று அவர்களுக்குள் பேசத் தொடங்கினார்கள். அதில் வாசலில் நின்றவளின் யோசனையைக் கேட்பார் இல்லை. எப்போதும் அவளைத்தான் முதலில் கேட்பார்கள்.

அண்ணனும் தங்கையும் உள்ளே வந்தார்கள். குளியலறையில் தண்ணீர் மறுபடி ஊறியிருந்தது. அவர் துடைப்பத்தை எடுக்கப் போனார். அவள் அதை முந்தி எடுத்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் தள்ளினாள். பிறகு நிறுத்திவிட்டு, செங்கல் மேல் நின்ற மெஷினைப் பார்த்தாள், கட்டிலில் இருந்த மூட்டைகளைப் பார்த்தாள். டீச்சர் வீட்டுத் துணி எதுவென்று தேடி எடுத்துத் தனியாக வைத்தாள்.

நான் எழுதுகிறேன், விசாரணை வந்தால் அங்கேயும் இதையே சொல்கிறேன், பதிவாகிவிடும், அப்போது நம்புவார்கள் என்று அவர் சொல்லிக்கொண்டே போனார். அவர் வாசலில் ஈரக் காலோடு உட்கார்ந்து காலணியைப் போட முயன்றார், கால் நுழையவில்லை. அவள் ஒரு பழைய துணித்துண்டைக் கொண்டுவந்து அவரிடம் நீட்டினாள். கோபமெல்லாம் வடிந்துபோன குரலில் சொன்னாள்.

"மேட்டுப் பக்கமா எங்கயாவது வாடகை வீடு காலியா இருந்தா சொல்லுண்ணா. அதையாவது சொல்லலாமில்ல?"