பாதியாக்கிய எண்

காற்றின் தரத்தை அறிவிக்கும் எங்கள் கந்தோர்க் கூரையில் இருக்கும் கருவிக்கு மாரியில் பொய் சொல்லும் பழக்கம் உண்டு. காற்றில் மிதக்கும் தூசியை எண்ணுவதுதான் அதன் வேலை. வாடைக் காற்று கடலிலிருந்து ஈரத்தை அள்ளிவந்தால், நீர்த்துளியையும் தூசி என்று சேர்த்து எண்ணிவிடும். அதனால் மார்கழியில் அது காட்டுவதைப் பாதியாக்கித்தான் மறுநாள் காற்று எப்படி இருக்கும் என்று அறிவிப்பேன். எந்தப் புத்தகத்திலும் இல்லாத கணக்கு. ஆறு வருடமாகச் சரியாக வந்தது, எனக்கும் தலைக்கனம் ஏறியிருந்தது.

அந்த வெள்ளிக்கிழமை கருவி நூற்று எழுபது காட்டியது. வங்கக் கடலில் தாழமுக்கம். இந்தியப் பக்கத்துப் புகை அதன் பின்னால் இழுபட்டு வருவது செய்மதிப் படத்தில் தெரிந்தது. இத்தனை கடலைத் தாண்டித் திருகோணமலைக்கு வந்து அது என்ன வெட்டி விழுத்தப்போகிறது என்று நினைத்தேன். எண்பத்தைந்து என்று போட்டேன். பயமில்லாமல் வெளியே போகலாம் என்று அர்த்தம்.

என் மனைவி றுக்கியாவுக்கு முட்டு வருத்தம். காற்றுக் கெட்ட நாளில் மூச்சு இழுக்கும், அதனால் ஜன்னலைக்கூடத் திறக்கமாட்டாள். அன்றிரவு கேட்டாள்.

“நாளைக்கு மூதூருக்குப் போவமா? உம்மாவப் பாத்து ஒரு மாசமாச்சி.”

“ஓம், போவம். காத்து பரவாயில்ல.”

கிண்ணியாவிலிருந்து மோட்டார் சைக்கிளில் போனோம். வழி முழுக்க வெள்ளையாக மூடிக் கிடந்தது.

“இது புகை மாதிரி இருக்கே?”

“பனி. மாரியில இப்பிடித்தான்.”

முக்காட்டால் வாயைப் பொத்தியிருந்தவள், நான் சொன்னதும் கையை எடுத்துவிட்டாள். அதை நினைத்தால் இப்போதும் என்னை அடிக்க வேண்டும்போல் இருக்கிறது.

மத்தியானம் இழுப்புத் தொடங்கியது. வாய்க்குள் மருந்துப் பம்ப் அடித்தும் அடங்கவில்லை. ஆஸ்பத்திரி வாசலில், அவளை உள்ளே தள்ளிக்கொண்டு போகும்போது, கந்தோரில் என்னோடு வேலைசெய்யும் தம்பி யதுர்சன் போன் எடுத்தான்.

“நானா, எல்லா ஊர்க் கருவியும் தூக்கிக் காட்டுது. மழை ஈரமே இல்லாத இடத்திலயும். நாங்க பாதியாக்கினது பிழை.”

நாங்கள் அல்ல, நான். அவன் நல்ல பிள்ளை, அதனால் அப்படிச் சொன்னான்.

உள்ளே டொக்டர் றுக்கியாவிடம் கேட்டுக்கொண்டிருந்தா.

“இந்தப் புகைக்குள்ள ஏன் வெளிய வந்தனீங்கள்?”

“புகை இல்ல, டொக்டர்,” என்றாள், ஒவ்வொரு சொல்லாக இழுத்து. “இவர் பாத்தவர். காத்தில பிழையில்ல. எனக்குத்தான் ஏலாம இருக்கு.”

நான் வாயைத் திறந்தேன். தாதி ஒட்சிசன் மூடியை அவள் முகத்தில் வைத்துக் கட்டினாள். அப்போதாவது சொல்லியிருக்கலாம். காது கேட்டுக்கொண்டுதான் இருந்தது அவளுக்கு. எனக்கு வெட்கம்.

பின்னேரம், அஸர் தொழுகைக்குப் பிறகு, அவள் மூச்சு நின்றது. மாமி, றுக்கியாவின் உம்மா, ஓடிவந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டா.

“நீங்க காத்தெல்லாம் பாத்துத்தானே, மகன், கூட்டிவந்தீங்க?”

“ஓம், மாமி,” என்றேன்.