கூட வந்தவள்

அண்ணன் போனில் கூப்பிட்டபோது அவள் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் ஒரு பெரியவரின் கையில் நரம்பைத் தேடிக்கொண்டிருந்தாள். ரத்தம் எடுத்து, பஞ்சை அழுத்திப் பிடிக்கச் சொல்லிவிட்டு வெளியே வந்து பேசினாள்.

"பாப்பா, லீவு போடு. எல்லாரும் மலைக்குப் போறோம். நீயும் வர்ற."

நாற்பதைத் தாண்டியவளைப் பாப்பா என்று கூப்பிட மிச்சமிருந்தது அவன் ஒருவன்தான். அப்பா படுத்த படுக்கையாகக் கிடந்த வருஷங்களில் அவள் வேலைக்குப் போன நேரம் தவிர வேறெங்கும் ஒரு எட்டு போனதில்லை. அண்ணன் எப்போதாவது வந்து, நின்றபடியே நலம் விசாரித்துவிட்டு, "எல்லாம் முடியட்டும், உன்னை ஒரு நல்ல இடத்துக்குக் கூட்டிட்டுப் போறேன்" என்று சொல்லிவிட்டுப் போவான். அப்பா போய்ச் சேர்ந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. சொன்ன சொல்லை மறக்கவில்லையே என்று அன்றைக்கே லீவுக்கு எழுதிக் கொடுத்தாள்.

மலையில் என்னவெல்லாம் செய்யலாம் என்று வீடியோவாகப் பார்த்துத் தள்ளினாள். அருவியில் நனைய வேண்டும், ஏரியில் படகேற வேண்டும், காட்டுக்குள் ஜீப்பில் போக வேண்டும். யானையைக் கூண்டுக்கும் சங்கிலிக்கும் வெளியே அவள் பார்த்ததே இல்லை. வழுக்காத ஷூ ஒன்றும் வாங்கிக்கொண்டாள்.

காரில் அவளுக்குக் கடைசி சீட். பக்கத்தில் அண்ணியின் அம்மா. இடுப்பில் ஆபரேஷன் ஆகி, கைத்தடியும் துணைக்கு ஒரு தோளும் இருந்தால்தான் நடப்பார். முன்னால் அண்ணனும் அண்ணியும், நடுவில் அவர்களுடைய இரண்டு பெண்களும்.

முதல் நாள் அருவி. கார் நின்ற இடத்திலிருந்து படி இறங்கிப் போக வேண்டும். அண்ணி திரும்பி அம்மாவைப் பார்த்தாள். அண்ணன் திரும்பி இவளைப் பார்த்தான்.

"பாப்பா, நீ கொஞ்சம் அம்மாகூட இரு. நாங்க ஒரு நனை நனைஞ்சுட்டு ஓடி வந்துடறோம்."

ஓடிப் போனவர்கள் சொட்டச் சொட்டத் திரும்பி வந்தபோது மத்தியானம் தாண்டியிருந்தது. அடுத்த நாள் படகுத்துறையிலும் அதே கதை. வரிசையில் பாதி தூரம் போனதும் அம்மாவுக்குக் கழிப்பறை போக வேண்டியிருந்தது. இவள் கூட்டிக்கொண்டு போய்வருவதற்குள் படகு கிளம்பிவிட்டது. நடு ஏரியிலிருந்து சின்னவள் கையாட்டினாள்.

"மலைக்கு வந்து நாம பார்த்தது கார் கண்ணாடியைத்தான்" என்றார் அம்மா. "நான் வரலைன்னுதான் சொன்னேன், தெரியுமா? என்னைத் தூக்கிக் கார்ல போட்டு, உன்னையும் என்கூடக் கட்டிப்போட்டுட்டாங்க."

"பரவாயில்லைம்மா" என்றாள். எல்லாம் அண்ணியின் வேலை என்று மனதுக்குள் கறுவிக்கொண்டாள். வாயைத் திறக்காமலே காரியம் சாதிக்கிறவள். அண்ணன் பாவம், நடுவில் மாட்டிக்கொண்டு முழிக்கிறான்.

அன்று சாயங்காலம் விடுதியில் படுக்கை விரிக்க வந்த பெண், கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் மெத்தையைப் போட்டபடி பேச்சுக் கொடுத்தாள்.

"எத்தனை வருஷமா இவங்க வீட்டுல வேலை செய்றீங்க?"

அவளுக்குப் புரியவில்லை.

"சார் போன்லயே சொல்லிட்டாரு. வயசானவங்களைப் பார்த்துக்க ஒரு ஆள் கூட வருது, கீழே மெத்தை போட்டா போதும்னு."

"எந்த சார்?"

"உங்க சார்தான்" என்றாள் அந்தப் பெண், தலையணை உறையை உதறிக்கொண்டே.

அந்தப் பெண் போனதும் அம்மாவுக்கு மாத்திரை கொடுத்தாள், காலில் தைலம் தேய்த்தாள், படுத்தாள். தூக்கம்தான் கிட்ட வரவில்லை.

காலையில் ஜீப் வந்து நின்றது. அம்மாவுக்கு லேசாகத் தலைசுற்றல். அண்ணன் இவள் பக்கம் திரும்புவதற்கு முன்பே இவள் போய் ஜீப்பில் ஏறி உட்கார்ந்துவிட்டாள்.

"பாப்பா, அம்மாவுக்கு முடியலை."

"கேட்டேன். அண்ணி இருக்கட்டும். அவங்க அம்மாதானே."

"என்ன சின்னப்பிள்ளை மாதிரி? இறங்கு."

அவள் முன்கம்பியைப் பிடித்துக்கொண்டாள். டிரைவர் வேறெங்கோ பார்த்தான். அண்ணிக்கு முகம் சிவந்துவிட்டது.

"அவ போகட்டும், நான் இருக்கேன்" என்று அண்ணனிடம் சொல்லிவிட்டு ஜீப்புக்குப் பக்கத்தில் வந்தாள். "என்மேல கோவம்னு தெரியுது. அம்மாவுக்கு ஒரு ஆள் வெச்சுக் கூட்டிட்டுப் போகலாம்னுதான் நான் சொன்னேன். 'ஆள் எதுக்கு, அதான் பாப்பா சும்மாதானே இருக்கா'ன்னது உங்க அண்ணன்."

அண்ணன் மறுக்கவில்லை. "நேரமாகுது" என்று மட்டும் சொல்லி முன்னால் ஏறினான்.

காடு அவள் நினைத்ததைவிட அடர்த்தியாக இருந்தது. மரங்கள் வெளிச்சத்தைக் கீழே விடவில்லை. ஒரு வளைவில் டிரைவர் வண்டியை நிறுத்தி வாயில் விரல் வைத்தான். யானைகள் பாதையைக் கடந்தன, நடுவில் ஒரு குட்டி. சின்னவள் "அத்தை, அத்தை" என்று அவள் தோளை உலுக்கினாள். அவள் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். எதுவும் உள்ளே இறங்கவில்லை. முன் சீட்டில் அண்ணனின் பிடரிதான் பெரிதாகத் தெரிந்தது.

திரும்பும் வழியில் டீ குடிக்க வண்டி நின்றது. பிள்ளைகள் குரங்கைப் பார்க்க ஓடின. அண்ணன் பக்கத்தில் வந்து நின்றான்.

"அப்படி என்ன குறை வெச்சுட்டேன் உனக்கு?"

"விடுதிக்காரங்ககிட்ட என்னை யாருன்னு சொன்ன?"

அவன் டீயை ஊதினான். "ஒரு பேச்சுக்குச் சொன்னது. அவங்களுக்குப் புரியணும்ல."

"தங்கச்சின்னா புரியாதா?"

"இதுல என்ன வந்துச்சு இப்போ? அப்பாவை நீதானே பார்த்துக்கிட்ட. உனக்குக் கை வந்த வேலை. குடும்பமா, குட்டியா? நாலு பேரோட இருந்தா உனக்கும் பொழுது போகுமேன்னு நினைச்சேன்."

மனதில் விஷம் வைத்துச் சொல்லவில்லை அவன். உண்மையாகவே நல்லது செய்துவிட்டதாக நம்பினான். அதுதான் அவளைச் சுட்டது. டீயைத் தரையில் கொட்டிவிட்டு வண்டியில் ஏறினாள்.

ஊர் திரும்பியதும் அவளைத் தெருமுனையில் இறக்கிவிட்டார்கள். அண்ணன் ஸ்டீயரிங்கை விட்டுக் கையை எடுக்கவில்லை. அண்ணிதான் இறங்கிப் பையை எடுத்துக் கொடுத்தாள்.

அதன் பிறகு அவனும் கூப்பிடவில்லை, இவளும் கூப்பிடவில்லை. சில மாதங்கள் கழித்து, வேலை நேரத்தில் தெரியாத எண்ணிலிருந்து போன் வந்தது. அண்ணியின் அம்மா.

"நல்லா இருக்கியாம்மா? எனக்கு இப்போ ஆள் வெச்சிருக்காங்க. அந்தப் பொண்ணு வாயே திறக்க மாட்டேங்குது. உன்கூட கார்ல உட்கார்ந்து பேசினதுதான் நினைப்பு வந்துச்சு. ஒருநாள் வந்துட்டுப் போயேன்."

அந்தக் கிழவி அவளுக்கு ஒரு தீங்கும் செய்தவர் இல்லை. அது அவளுக்கும் தெரியும்.

"வேலை இருக்கும்மா" என்று சொல்லிப் போனை வைத்தாள். அடுத்து வந்தவரைச் சட்டைக் கையை மடக்கச் சொன்னாள். அவள் குரலில் இருந்த கடுப்பைக் கேட்டு அவர் பயந்துபோய் மடக்கினார்.