சிப்ஸ் கவரின் பின்பக்கம்

சனிக்கிழமை காலை பத்தே காலுக்கு அச்சடிக்கும் முன் சரிபார்க்க வேண்டிய ப்ரூஃப் அவன் மேசைக்கு வந்தது. கார உருளைக்கிழங்கு சிப்ஸ் கவர். அச்சகத்தில் கவர் அச்சடிக்கும் மெஷின் அவன் பொறுப்பு. முன்பக்கத்தில் நிறத்தைப் பார்ப்பான். பின்பக்கத்தில், யாரும் படிக்காத பொடி எழுத்தைப் படிப்பான். இன்று அதில், சேர்மானப் பட்டியலில், புதிதாக ஒன்று சேர்ந்திருந்தது: பால் பவுடர்.

மனைவி சர்வேயர். புதருக்குள் நிலம் அளக்கப் போனபோது உண்ணி கடித்து, அந்தக் கடியால் வரும் அபூர்வ அலர்ஜி வந்துவிட்டது. அதிலிருந்து ஆடு, மாடு, பன்றி, பால், ஜெலட்டின் எதுவும் அவள் உடம்புக்கு ஆகாது. சாப்பிட்டதும் ஒன்றும் தெரியாது. சில மணி நேரம் கழித்துத்தான் தடிப்பு, மூச்சுத் திணறல். கடைத் தின்பண்டங்களில் அவளுக்கு மிஞ்சியது இந்தச் சிப்ஸ் மட்டும்.

அரை நாள் லீவு போட்டான். வழியிலிருந்த கடைகளிலெல்லாம் நுழைந்து, பழைய கவரில் இருந்த பாக்கெட்டையெல்லாம் வாங்கினான். வீட்டு வாசலில் மனைவி மூட்டையைப் பார்த்தாள்.

“கடை வைக்கப் போறியாய்யா?”

“இனிமே இதுல பால் சேர்க்கப் போறான். கிடைக்கிற வரைக்கும் சாப்பிடு.”

அவள் ஒரு பாக்கெட்டைத் தின்று விரலையும் நக்கினாள். அவன் மீதியை அலமாரியில் அடுக்கினான். எல்லாவற்றிலும் இந்த வாரம் தயாரித்த தேதி. கை நின்றது. பழைய கவர்ச் சுருளில் மீந்ததையெல்லாம் போன வாரம் சிப்ஸ் கம்பெனிக்கு லாரியில் ஏற்றியதே அவன்தான். இருக்கும் கவரை யாரும் குப்பையில் போட மாட்டார்கள். பழைய கவர் தீரும் முன்னாலேயே உள்ளே சரக்கை மாற்றியிருந்தால்?

“துப்பு!”

“தின்னு முடிச்சாச்சு. எதைத் துப்ப?”

விஷயத்தைச் சொன்னான். அவள் அவசரத்துக்கென்று டாக்டர் கொடுத்திருந்த ஊசியை எடுத்து மேசைமேல் வைத்தாள். அவன் காரைத் தெருவைப் பார்த்துத் திருப்பி நிறுத்தினான். சிப்ஸ் கம்பெனி பேக்கிங் சூப்பர்வைசருக்குப் போன் போட்டான். எடுக்கவில்லை. திரும்பத் திரும்பப் போட்டான்.

மதியம் இருவரும் சாப்பிடவில்லை. எதிரே நாற்காலி போட்டு அவள் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“கல்யாணம் ஆன புதுசுலகூட என்னை இப்படிப் பார்க்கல நீ.”

“பேசாம இரு. மூச்சு எப்படி இருக்கு?”

“பேசாம எப்படிய்யா சொல்றது?”

முழங்கையைச் சொறிந்தாள். அவன் ஊசியோடு எழுந்துவிட்டான்.

“உக்காரு. கொசு.”

அவன் உட்காரவில்லை.

“என் கையால வாங்கிக் குடுத்தேனே.”

“தின்னது நான்தானே. விஷம் வச்சவன் மாதிரி மூஞ்சிய வச்சுக்காத.”

ஊசியை அவனிடமிருந்து வாங்கி வைத்தாள். அவன் கையை மட்டும் விடவில்லை.

போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டான். சூப்பர்வைசர்தான்.

“மெஷின் சத்தத்துல கேக்கலண்ணே. பழைய கவர்ல பழைய சரக்குதான். பால் பவுடர் இன்னும் வந்து இறங்கவே இல்ல. நீங்க புதுக் கவர் குடுத்தப்புறம்தான் கலக்கவே ஆரம்பிப்போம்.”

அவன் தரையில் உட்கார்ந்தான். அவள் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டான். முதுகு குலுங்கியது. அவள் குனிந்து அவன் தலைமேல் கன்னத்தை வைத்துக்கொண்டாள்.

“ஆமா, எதுக்குண்ணே இத்தனை தடவை கூப்பிட்டீங்க? அண்ணே? லைன்ல இருக்கீங்களா?”