வீட்டுக்குள் திறக்காத முகவரி

பத்மினி இறந்து இன்றோடு இருபத்தொன்பது நாள். காரியம் முடிந்து உறவுகள் எல்லாம் கிளம்பிவிட்டார்கள். புத்தூர் வீட்டில் நானும், அலமாரி மேல் பச்சை விளக்கு மினுக்கும் சர்வர் பெட்டியும்தான். வாசல் கேமராவின் பதிவுகள் அந்தப் பெட்டியில் சேரும். முப்பது நாள் வைத்திருந்து, பழசை அதுவே அழித்துவிடும். என் மனைவி நடமாடிய கடைசி நாள் நாளைக்குப் போய்விடும்.

மஸ்கட்டில் ஸ்டோர் கீப்பர் நான். ஆறு வருஷத்துக்கு முன் என்னோடு லீவில் வந்தபோது இதையெல்லாம் மாட்டிக் கொடுத்தவன், அங்கே என் அறையில் தங்கியிருக்கும் ரமணா. கேமராவைப் பார்க்கும் இணைய முகவரியை அவள் பேரிலேயே வாங்கினேன். அங்கிருந்து அந்தப் பேரை அடித்தால் இந்த வாசல் தெரியும்.

இன்று வீட்டுக்குள் உட்கார்ந்து அடிக்கிறேன், திறக்கவில்லை. ரவுட்டரை அணைத்துப் போட்டேன். கேபிளைப் பிடுங்கிச் செருகினேன். பிரவுசரில் சேர்ந்திருந்த பழைய குப்பையை அழித்தேன். நெட் கம்பெனிக்காரனிடம் போனில் கத்தினேன். கத்தும்போதுகூடக் கோபம் வரவில்லை, பழக்கத்தில் கத்தினேன். அழுகையும் இத்தனை நாளில் ஒருமுறைகூட வரவில்லை.

மத்தியானம் மஸ்கட்டில் இருக்கும் ரமணாவைப் போனில் கூப்பிட்டேன்.

“இங்க நல்லா ஓபன் ஆவுதுண்ணா. பாஸ்வேர்டு கேக்குது. சொல்லு, நானே எறக்கி அனுப்பறேன்.”

“வேணாம்டா.”

அவளுடைய கடைசி நாளை எனக்கு முன்னால் இன்னொருத்தன் பார்ப்பதாவது! தங்கமானவன்தான், இருந்தாலும் மனசு ஒப்பவில்லை.

“நீ எங்க இருந்துக்கினு அடிக்கிற?”

“வீட்லதான். பொட்டி பக்கத்துலயே உக்காந்துக்கினு இருக்கேன்.”

“அதாண்ணா. அந்தப் பேரு வெளிய இருந்து வர்றவங்களுக்கு. உள்ள இருந்து கூப்ட்டா உன் ரவுட்டரு திருப்பி உள்ள உடாது. பொட்டி மேல ஒரு நம்பர் எழுதி ஒட்னனே, அத்த அடி. லீவுக்கு வந்தப்போ ஒருவாட்டிகூடவா தொறந்து பாக்கல?”

லீவில் வந்தால் எதற்குத் திறப்பேன்? அவளே எதிரில் இருப்பாள்.

நம்பரை அடித்தேன். உடனே திறந்தது.

நான் கடைசியாக நுழைந்த தேதி மேலேயே இருந்தது. எழுபது நாளுக்கு முந்தையது. முதல் வருஷம் தினமும் பார்ப்பேன். காலை ஆறரைக்குக் கோலம் போட்டு முடித்ததும் கேமராவை நிமிர்ந்து பார்த்துக் கையை ஆட்டுவாள். நான் உடனே போன் போடுவேன். அப்புறம் ஷிப்டு மாறியது, அந்த நேரத்தில் பார்ப்பதை விட்டேன். அவளும் கையாட்டுவதை விட்டிருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன்.

கடைசி நாளின் ஆறரை மணியைத் தட்டினேன். கோலத்திலிருந்து எழுந்தாள். மாவுக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, நிமிர்ந்து பார்த்துக் கையை ஆட்டினாள். இடுப்பிலிருந்து போனை எடுத்தாள். அதைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அங்கேயே நின்றாள். அப்புறம் உள்ளே போய்விட்டாள்.

சேமித்தேன். பிறகு என் போனை எடுத்து அவள் நம்பரைப் போட்டேன். சமையல்கட்டில் இன்னும் சார்ஜில் கிடக்கும் அவள் போன் முழுசாக அடித்து ஓய்ந்தது.