ஊஞ்சலைக் கொண்டுபோன நிலச்சரிவு

நேபாள மலையூரான ஓக்ரேபானியில் பள்ளிக்கூடத்தின் விளையாட்டுத் திடல் வருடா வருடம் பூஸ் என்கிற மார்கழிக் குளிரில் முளைக்கும். அடுத்த திஹார், அதாவது தீபாவளி, முடிந்த கையோடு காணாமல் போகும். இதை மோசடி என்று சொன்னால் ஊரில் யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். ஆரம்பத்தில் அது மோசடியாக இருக்கவும் இல்லை.

அதற்கு முன்னால் தசைன் என்கிற தசரா வந்தால் ஊரே கூடி மூங்கில் வெட்டி, புல்லைத் திரித்துக் கயிறாக்கி, வீட்டுக் கூரையை விட உயரமாக ஊஞ்சல் கட்டும். பண்டிகைக்குள் ஒரு தடவையாவது ஒவ்வொருவர் காலும் தரையை விட்டு எழும்பியாக வேண்டும். பல் போன கிழவர்களைக்கூடத் தூக்கி உட்கார வைத்து ஒரு தள்ளு தள்ளிவிடுவார்கள். திஹார் முடிந்ததும் ஊஞ்சலை இறக்கிவிட வேண்டும். இறக்காமல் விட்டால் ராத்திரியில் அதில் யார் வந்து ஆடுவார்கள் என்று கேட்டால், பெரியவர்கள் பேச்சை மாற்றிப் பயிர் பச்சையைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவார்கள்.

ஐந்து வருடம் முன்பு ஹாலந்திலிருந்து ஒரு தொண்டு அமைப்பின் மூலம் சில குடும்பங்கள் கிறிஸ்துமஸ் விடுமுறைக்குப் பிள்ளைகுட்டிகளோடு வந்தன. இரும்புக் குழாயில் ஊஞ்சலும், ஒரு சறுக்கும், ஒரு சீசாப் பலகையும் தங்கள் கையாலேயே நட்டுக் கொடுத்துவிட்டுக் கண்ணீரோடு விடைபெற்றன. பிள்ளைகள் பத்து மாதம் ஆடித் தீர்த்தார்கள். திஹார் முடிந்தது. ஊர்க்காரர்கள் மூங்கில் ஊஞ்சலை இறக்கினார்கள். பள்ளிக்கூடத்து ஊஞ்சலும் ஊஞ்சல்தானே என்று அதையும் இறக்கினார்கள். சறுக்கும் சீசாவும் தனியாக நின்று என்ன செய்யப் போகின்றன என்று அவற்றையும் பிடுங்கி, உடைந்த பெஞ்சுகள் கிடந்த அறையில் பத்திரமாக வைத்தார்கள். தசைனுக்கு மறுபடி நட்டுக்கொள்ளலாம் என்பதுதான் எண்ணம்.

அதற்குள் அடுத்த குழு வந்துவிட்டது. சுவருக்கு வெள்ளையடிக்க வந்தவர்கள். வெறும் மைதானத்தைப் பார்த்ததும் அதில் ஒரு அம்மாவுக்கு அழுகை வந்துவிட்டது. இத்தனை பிள்ளைகளுக்கு ஓர் ஊஞ்சல்கூடக் கிடையாதா என்று கேட்டார். தலைமையாசிரியர் தில்லிராம் சார் பதில் சொல்ல வாயைத் திறந்தார். பிறகு யோசித்து மூடிக்கொண்டார். பள்ளிக்கூடத்துக்கு அவர் செய்த பெரிய சேவை அதுதான்.

அன்றிலிருந்து வருகிற குழு எல்லாம் திடல்தான் கட்டியது. குழாய்கள் அதேதான், பெயிண்ட் மட்டும் புதிது. புதுக் குழாய்க்கு என்று வந்த பணம் வகுப்பறைக்குக் கூரையானது, கழிப்பறைக்குக் கதவானது. யாரும் தின்றுவிடவில்லை. குடும்பங்கள் வருகிறவரைக்கும் ஓர் ஆங்கில வாத்தியாருக்கும் சம்பளம் தருவதாக அந்த அமைப்பு ஏற்றுக்கொண்டது. அந்த வாத்தியார்தான் கேசர் ரொக்கா. வருகிறவர்களுக்கு மொழிபெயர்ப்பாளனும் அவன்தான். இந்த வேலை இல்லையென்றால், கூடப் படித்தவர்களைப் போல அவனும் கத்தாரில் சிமெண்ட் கலந்துகொண்டிருப்பான். அதனால் வருடம் ஒரு தடவை, ‘இங்கே பிள்ளைகளுக்கு விளையாட எதுவும் இல்லை’ என்று வந்தவர்களிடம் அழகான ஆங்கிலத்தில் சொல்வான். சொல்கிற அன்று, அது உண்மையாகவும் இருந்தது.

இந்த வருடம் சிக்கல் வேறு மாதிரி வந்தது. புதிதாக இரண்டு குடும்பங்கள் வருகின்றன. கூடவே மூன்று வருடம் முன்பு வந்துபோன யோஸ்ட்டும் அவர் மனைவியும் மகள் ஃபெம்கேயும் தாங்கள் கட்டிய ஊஞ்சலைப் பார்க்க வருகிறார்கள் என்று செய்தி வந்தது. புதியவர்களுக்கு வெறும் மைதானம் வேண்டும், பழையவர்களுக்கு ஊஞ்சல் வேண்டும்.

ஃபெம்கேயைக் கேசர் மறக்கவில்லை. அப்போது அவளுக்கு எட்டு வயது. ஊஞ்சல் பலகை ஒன்றின் அடிப்பக்கத்தில் ஆணியால் ஓர் ஆட்டைக் கீறினாள். மூன்று கால் போட்டு முடித்தபோது ஜீப் ஹாரன் அடித்துவிட்டது. ஊருக்குப் போன பிறகும் அப்பாவின் போனிலிருந்து அவ்வப்போது கேட்பாள், ஆடு எப்படி இருக்கிறது என்று. நன்றாக இருக்கிறது என்று கேசர் பதில் போடுவான். பத்து மாதம் பிள்ளைகளுக்கு அடியிலும், மிச்ச நாள் பெஞ்சுகளுக்குப் பின்னாலும் அது நன்றாகத்தான் இருந்தது.

தில்லிராம் சார் தேநீர் ஆறுகிற நேரத்துக்குள் வழி கண்டுபிடித்துவிட்டார்.

“நெலச்சரிவு வந்து அடிச்சிட்டுப் போயிருச்சுன்னு சொல்லிரலாம், கேசர் பாபு.”

“ஹெட் சார், நம்ம ஊர்ல நெசமாவே வந்துருக்கு. நம்ம கிளாஸ் சுன்மாயா வீடு போச்சு.”

“அதனாலதான் சொல்றேன். நெலச்சரிவே வராத ஊர்ல வந்துச்சுன்னா பொய். வந்த ஊர்ல கூட ஒரு ஊஞ்சலையும் சேத்துச் சொன்னா, அது கணக்குல ஒரு சின்னப் பிசகு.”

கணக்குப் பாடம் எடுப்பவர் அவர். கேசரால் எதிர்த்துப் பேச முடியவில்லை. அல்லது பேசவில்லை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பிறகு பல நாள் யோசித்தான்.

ஜீப்பிலிருந்து இறங்கியவர்களுக்குச் சாமந்தி மாலை, நெற்றியில் டீக்கா எல்லாம் ஆயிற்று. ஃபெம்கே நெடுநெடுவென்று வளர்ந்திருந்தாள். மாலையைக் கழுத்தில் போட்டபடியே மைதானத்துக்கு ஓடியவள், அங்கேயே நின்றுவிட்டாள். கேசர் பின்னாலேயே போய், தயார் செய்து வைத்திருந்ததைச் சொன்னான். மழைக்காலத்தில் மேல் சரிவு பெயர்ந்து வந்தது என்றான். எந்தப் பக்கத்திலிருந்து என்று கையையும் காட்டினான்.

ஃபெம்கே ஆட்டைப் பற்றிக் கேட்கவில்லை. “அப்ப அதுல யாராவது ஆடிக்கிட்டு இருந்தாங்களா?” என்றாள்.

“இல்ல. யாரும் இல்ல.”

“நல்லவேளை,” என்று மூச்சு விட்டாள்.

இந்தக் கேள்விக்கு அவன் தயாராகி வரவில்லை. அதற்குள் அவள் அம்மா, யாருக்காவது வீடு போனதா என்று கேட்டார். கொஞ்சம் தள்ளி, பிள்ளைகள் கூட்டத்தில் சுன்மாயா நின்றுகொண்டிருந்தாள். ஒன்பது வயது. ஆவணி மழையில் அவள் வீடும் இரண்டு எருமைகளும் போய்விட்டன; அம்மாவும் அவளும் மாவு அரைக்கப் போயிருந்ததால் மிஞ்சினார்கள். இப்போது பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் இருக்கிறார்கள். “ஒரு வீடு போச்சு,” என்றான் கேசர். சொன்னதுமே அந்த அம்மாவின் முகத்தில் மிச்சமிருந்த சந்தேகமும் போயிற்று. சரிந்த வீட்டை எடுத்துத் தன் பொய்க்கு முட்டுக் கொடுத்திருக்கிறோம் என்று அவனுக்கு உறைத்தது. முட்டு நன்றாகவே நின்றது.

மறுநாள் வேலை ஆரம்பித்தது. குழாய் நட அப்பாக்கள் குழி தோண்டினார்கள். வருடா வருடம் தோண்டி மூடிய அதே குழிகள் என்பதால் மண் பொலபொலவென்று வந்தது. தங்கள் தோள் வலிமையைக் கண்டு தாங்களே வியந்து, சட்டையைக் கழற்றிவிட்டுப் படம் எடுத்துக்கொண்டார்கள். யோஸ்ட் மட்டும் குழிக்குள் கையை விட்டு மண்ணை அள்ளிப் பார்த்தார். ரொம்ப நல்ல மண் என்றார். ஆமாம் என்றான் கேசர். நாலு பக்கமும் வேலியில் தொற்றிக்கொண்டு ஊர்ப் பிள்ளைகள் பார்த்தார்கள். அந்தக் குழாயில் எந்தத் துளைக்கு எந்தப் போல்ட் என்று அவர்களுக்கு மனப்பாடம். ஒருவனும் வாயைத் திறக்கவில்லை. தில்லிராம் சார் காலையிலேயே எல்லோருக்கும் பிஸ்கட் கொடுத்து விஷயத்தைச் சொல்லியிருந்தார்.

சுன்மாயா அன்று காலையில் இல்லை. ஆட்டுக்குத் தழை ஒடிக்கப் போயிருந்தாள்.

மத்தியானம் வந்தவள், பெயிண்ட் அடிக்க வைத்திருந்த பலகைகளைப் பார்த்தாள். நேராகப் போய் ஒன்றை எடுத்து, திருப்பி, ஃபெம்கேயின் மடியில் வைத்தாள். மேல்பக்கம் நாலு வண்ணம் ஏறியிருந்தது. அடிப்பக்கத்துக்கு யாரும் பெயிண்ட் அடித்ததே இல்லை. நாய் மாதிரி ஓர் ஆடு, மூன்று காலில் நின்றது.

“ஃபெம்கே தீதி, இது உங்கள் ஆடு,” என்றாள் சுன்மாயா. ‘தீதி’ என்கிற அக்காவைத் தவிர எல்லாம் ஆங்கிலத்தில்தான். கேசர் சொல்லிக்கொடுத்தது போலவே ஒவ்வொரு சொல்லையும் முழுதாக, அழுத்தமாக. “நாங்கள் எல்லோரும் இந்தப் பலகைக்காகச் சண்டை போடுவோம்.”

ஃபெம்கே ஆட்டின் மேல் விரலை ஓட்டினாள். “நெலச்சரிவுல போயிருச்சுன்னு சொன்னாங்களே.”

“இல்லை. நிலச்சரிவு என் வீட்டை எடுத்தது. ஊஞ்சலைத் திஹார் முடிந்ததும் நாங்கள் எடுத்தோம். ஒவ்வொரு வருடமும் எடுப்போம்.”

அந்த அமைப்பு ஓக்ரேபானியில் உண்மையாகவே கட்டி எழுப்பிய ஒரே விஷயம் அந்த ஆங்கிலம்தான். கேசரின் வகுப்பில் முதல் மாணவி அவள். வாக்கியத்தில் ஒரு பிழை இல்லை. வேறொரு நாளாக இருந்திருந்தால் தட்டிக்கொடுத்திருப்பான்.

ஃபெம்கே தலையைத் தூக்கிக் கேசரைப் பார்த்தாள். பெயிண்ட் பிரஷ்ஷோடு யோஸ்ட்டும் அருகே வந்து நின்றார். கேசருக்கு அந்த ஒரு நொடியில் கத்தார் தெரிந்தது. வெயிலும், மஞ்சள் தொப்பியும், வரிசையாகக் கட்டில் போட்ட அறையும். சிரித்துக்கொண்டே சொன்னான்:

“கண்டுக்காதீங்க. அவ இங்கிலீஷ் இன்னும் அவ்வளவு சரியில்ல. சொல்ல வந்தது வேற, வந்தது வேற. பலகை மட்டும் சேத்துக்குள்ள கெடைச்சது. அதைத்தான் சொல்றா.”

சுன்மாயாவுக்கு அது முழுசாகப் புரிந்தது. புரியும்படி சொல்லிக்கொடுத்தவனே அவன்தானே. அவள் முகம், தப்பாகப் போட்ட கணக்கைக் கரும்பலகையில் அழிக்கிறபோது வகுப்பே பார்க்க நிற்கிற பிள்ளையின் முகமாக மாறியது. தழைக் கூடையை எடுத்துக்கொண்டு கொட்டகைப் பக்கம் நடந்தாள்.

ஃபெம்கே பலகையை மடியிலேயே வைத்துக்கொண்டிருந்தாள். யோஸ்ட் திரும்பி, குழாய்க்குப் பெயிண்ட் அடிக்கப் போனார்.

திடல் எழுந்தது. மேளம் அடித்தார்கள். தில்லிராம் சார் நன்றி சொன்னார். குடும்பங்களை ஒவ்வொருவராக ஊஞ்சலில் உட்கார வைத்துத் தள்ளினார்கள். கேசரையும் உட்காரச் சொன்னார்கள். முதுகு வலிக்கிறது என்றான். ஊருக்குத் தெரிந்து, தள்ள வந்த கைக்கு மறுப்பு சொன்ன முதல் ஆள் அவன்தான்.

ஜீப் கிளம்பிப் போன பிறகு அவன் அந்தப் பலகைக்குக் கீழே குனிந்து பார்த்தான். ஆட்டுக்கு நாலாவது கால் வந்திருந்தது. கீறல் புதிது, மரத்தூள்கூட உதிரவில்லை. சேற்றில் கிடைத்த பலகை இப்படி உலர்ந்து வெளுத்திருக்குமா என்று பதினோரு வயதுப் பெண்ணுக்குத் தெரியாதா? தெரிந்துதான் காலை மட்டும் போட்டுவிட்டு, அவனைக் காட்டிக்கொடுக்காமல் போயிருக்கிறாள். திட்டிவிட்டுப் போயிருந்தால் தேவலையே என்று இருந்தது.

பூஸ் முடிந்து மாக மாதம் பிறந்ததும் அமைப்பிடமிருந்து தகவல் வந்தது. தில்லிராம் சார் ஓடிவந்து சொன்னார். பிள்ளைகளின் ஆங்கிலம் இன்னும் போதவில்லை என்று வாத்தியாரே தன் வாயால் ஒப்புக்கொண்டதாக யோஸ்ட் சொல்லியிருக்கிறார். அந்த நேர்மையைப் பாராட்டி, கேசரின் வேலையை நீட்டித்திருக்கிறார்கள்.

“நேர்மைக்குக் காலம் இருக்கு, கேசர் பாபு,” என்றார் ஹெட் சார். அவர் முகத்தில் சிரிப்பு இல்லை. அவர் எப்போதும் அப்படித்தான்.

அன்று வகுப்பில் கேசர் சுன்மாயாவைப் பாடம் வாசிக்கச் சொன்னான். அவள் எழுந்து நின்று நேபாளியில் சொன்னாள்: “என் இங்கிலீஷ் சரியில்ல சார்.”

குத்திக்காட்டுகிற குரலே இல்லை. வாத்தியார் சொன்னதை நம்புகிற குரல். அதுதான் தாங்க முடியவில்லை.

கேசர் கரும்பலகைப் பக்கம் திரும்பினான். சுண்ணக்கட்டியை எடுத்து ஆங்கிலத்தில் பெரிய எழுத்தில் எழுதினான்: ஊஞ்சலை நிலச்சரிவு கொண்டுபோகவில்லை. அதற்குக் கீழே: சுன்மாயா சொன்னது சரி. வாத்தியார் சொன்னது பொய். எழுத எழுதப் பாரம் கொஞ்சம் இறங்கினது போல இருந்தது.

பிள்ளைகள் குனிந்து, நாக்கை ஓரமாகத் துருத்திக்கொண்டு, அழகான கையெழுத்தில் பார்த்து எழுதத் தொடங்கினார்கள். அவர்களுக்கு அது இன்னொரு பாடம். சுன்மாயா எழுதவில்லை. கரும்பலகையை இரண்டு முறை வாசித்தாள்.

“சார்.”

“சொல்லு.”

“இதை எதுக்கு எங்ககிட்ட சொல்றீங்க? எங்களுக்குத்தான் ஏற்கெனவே தெரியுமே.”

கேசர் சட்டைப் பையிலிருந்த போனைத் தொட்டான். யோஸ்ட்டின் எண் அதில்தான் இருந்தது. வெளியே எடுக்கவில்லை. பிறகு மணி அடித்தது. பிள்ளைகள் ஆட்டுப் பலகைக்குச் சண்டை போட வெளியே ஓடினார்கள். அவன் துணியை எடுத்துக் கரும்பலகையை ஓரத்திலிருந்து துடைக்க ஆரம்பித்தான்.