ஐந்தாவது கண்ணாடி

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை என் மூளையில் உதித்ததல்ல, என் அக்காவின் பிஸ்கட் டப்பாவில் கிடைத்தது. அக்கா படங்களுக்குச் சட்டம் போடும் கடைக்காரி. வீட்டின் முன்னறைதான் கடை. பின்சுவரை ஒட்டி மலைச்சரிவு. என் மனைவி பொறியாளர். எந்தச் சரிவு நகர்கிறது, அது சரிந்து விழாமலிருக்க என்ன செய்யலாம் என்று பார்ப்பது அவள் வேலை. இந்த இரண்டு பேருக்கும் நடுவே உட்கார்ந்து கதை எழுதுவதில் உள்ள ஆபத்தை அளக்க இன்னும் கருவி வரவில்லை.

2

தொடக்கம், முதல் முயற்சி: "வானம் கறுத்திருந்தது. மலை தன் ரகசியத்தை மெல்ல—"

(மனைவி எட்டிப் பார்த்தாள். "எந்த மலை? சரிவு எத்தன டிகிரி?" அடித்துவிட்டேன்.)

இரண்டாம் முயற்சி: திங்கட்கிழமை காலை பொறியாளர் தன் நாத்தனாரின் கடைக்குள் நுழைந்தாள். முகத்தில் ஈயாடவில்லை. கடைச் சுவரில் ஒரு விரிசல். அதன் குறுக்கே இரண்டு மாதத்துக்கு முன் மெல்லிய கண்ணாடித் துண்டு ஒன்றை ஒட்டி, மேலே தேதி எழுதியிருந்தாள். சுவர் மயிரிழை நகர்ந்தாலும் கண்ணாடி உடைந்துவிடும். உடையவே இல்லை. அதை நம்பி, "அசைவில்லை" என்று இரண்டு அறிக்கைகளில் கையெழுத்தும் போட்டாயிற்று. ஆனால் சரிவில் அவள் நட்ட முளைக்குச்சிகள் நான்கு விரற்கடை கீழே இறங்கியிருந்தன. குச்சி சொல்வது சரியென்றால், சரிவை ஒட்டியிருக்கும் ஒன்பது குடும்பங்களும் உடனே வெளியேற வேண்டும். மழைக்கு இன்னும் மூன்று வாரம்.

கண்ணாடி முழுசாக இருந்தது. அவள் கிட்டே போய்ப் பார்த்தாள்.

"அண்ணி, இது நான் ஒட்டினதில்ல."

"நீ எழுதின தேதிதானே இருக்கு?"

"நான் அறுத்தா இவ்வளவு நேரா வராது."

"அத நீயே ஒத்துக்கிட்டா சரி."

"எத்தன தடவ மாத்தினீங்க?"

"நாலு. ஒடஞ்ச கண்ணாடிய செவுத்துல வெச்சுக்கிட்டு ஃபிரேம் கடை நடத்த முடியுமா? உனக்கும் கெட்ட பேரு, எனக்கும் கெட்ட பேரு."*

* இந்த இடத்தில் நாத்தனாரை வில்லியாக்கிவிடலாமா என்று ஒரு நாள் முழுக்க யோசித்தேன். கதை விறுவிறுப்பாகும்தான். ஆனால் அவள் வில்லியல்ல, சுத்தக்காரி. தவிர, அவள் என் அக்கா.

3

பொறியாளர் கண்ணாடியை விட்டுத் திரும்பினாள். "அண்ணி, என் கையெழுத்த நம்பி ஒம்பது குடும்பம் தூங்கிட்டிருக்கு," என்றாள்.

நாத்தனாரின் முகம் செத்துப்போயிற்று. உள்ளே போய் ஒரு பிஸ்கட் டப்பாவை எடுத்து வந்தாள். "ஒடஞ்சதெல்லாம் இதுல இருக்கும்மா. குப்பையில போட்டா யாரு கையவாவது கிழிச்சிடும்னு அன்னன்னிக்கு வந்த பேப்பர்ல சுத்தி வெப்பேன்."

நான்கு பொட்டலங்கள். பொறியாளர் ஒவ்வொன்றாகப் பிரித்து மேசையில் பரப்பினாள். கண்ணாடியைப் பார்க்கவில்லை, பேப்பரின் தேதியைப் பார்த்தாள். நான்கும் வியாழக்கிழமை. பதினான்கு நாளுக்கு ஒன்று.

"வியாழக்கெழம இங்க என்ன நடக்கும்?"

"ஒண்ணும் நடக்காது. முந்தின நாள் புதன்கெழம மலை மேல இருக்கற தொட்டியில தண்ணி ஏத்துவாங்க, ஒரு வாரம் விட்டு ஒரு வாரம். அந்த மோட்டார் சத்தத்துல எனக்குத் தூக்கமே வராது. ஏன், நாளன்னிக்குக்கூட ஏத்தணும்."

பொறியாளர் முக்காலியில் பொத்தென்று உட்கார்ந்தாள். மலை நகர்கிறது என்று மட்டும்தான் குச்சி சொன்னது. ஏன் நகர்கிறது என்று பிஸ்கட் டப்பா சொல்லிவிட்டது. அவள் சிரிக்க ஆரம்பித்தாள்.

4

(இங்கே அலுவலகம், கடிதம், கூட்டம் என்று இரண்டு பக்கம் இருந்தது. எனக்கே கொட்டாவி வந்ததால் எடுத்துவிட்டேன்.)

அன்று மாலைக்குள் ஒன்பது வீடுகளும் காலி. அந்தப் புதன்கிழமை தொட்டியில் தண்ணீர் ஏற்றவிடவில்லை. தோண்டிப் பார்த்ததில் தொட்டியின் குழாய் மண்ணுக்குள் உடைந்து, மலைக்குத் தண்ணீர் ஊட்டிக்கொண்டிருந்தது. குழாயை மாற்றினார்கள். அக்கா எங்கள் வீட்டில் தங்கிய பதினைந்து நாளில் காலண்டருக்குக்கூடச் சட்டம் போட்டுவிட்டாள்.

பிறகு, உள்ளே தேங்கிய தண்ணீரை வடிக்கச் சரிவில் துளையிட்டு நீளக் குழாய்களைச் செருகினார்கள். முதல் குழாய் வறண்டு கிடந்தது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவது கொஞ்சம் இருமியது, சேறு துப்பியது, பிறகு தெளிந்த தண்ணீர் கொட்டோ கொட்டென்று கொட்டியது. ஒன்பது குடும்பமும் கைதட்டியது. அக்கா தண்ணீரில் கையை நீட்டி, "இவ்வளவையும் என் வீட்டு முதுகுலயா சாய்ச்சு வெச்சிருந்தீங்க?" என்று மலையைப் பார்த்துக் கேட்டாள். சேறு அப்பிய பூட்ஸோடு என் மனைவி ஆடினாள். (ஆடவில்லை என்கிறாள். ஆடினாள்.)

5

இப்போது முடிவு.

முடிவு அ: அடைமழை, இடி, மலை சரிகிறது, அக்கா பிஸ்கட் டப்பாவை மார்போடு— (மனைவி சிவப்பு மையால் அடித்து, ஓரத்தில் "என் மலை விழாது" என்று எழுதியிருக்கிறாள்.)

முடிவு ஆ: எல்லோரும் வீடு திரும்பி, நெடுங்காலம் நிம்மதியாக— (இதையும் அவளே அடித்திருக்கிறாள். "நெடுங்காலம்னா எத்தன நாள்?")

இதை எழுதும்போது வியாழக்கிழமை காலை. நேற்று தொட்டி நிரப்பிய நாள், போதாததற்கு விடிய விடிய மழை. ஃபோன் அடித்தது. மனைவி கையிலிருந்த காபியைக் கீழே வைத்தாள்.

"ஒடையலடா," என்றாள் அக்கா. "கதைய எப்படி முடிக்கப் போற?"

"தெரியலக்கா. ஒருவேள ஒடஞ்சா—"

"ஒடஞ்சா மொதல்ல உம் பொண்டாட்டிக்கு ஃபோன். அப்புறந்தான் உன் கதையெல்லாம்."

அக்கா அறுத்த அந்த ஐந்தாவது கண்ணாடி இன்னும் சுவரில் இருக்கிறது. அதன் மேலிருந்த பொய்த் தேதியை மனைவி துடைத்துவிட்டு, பக்கத்தில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறாள். தினமும் காலையில் அக்கா பார்த்து எழுத வேண்டும். தாளுக்கும் அக்கா சட்டம் போட்டிருக்கிறாள், எழுத வசதியாகக் கண்ணாடி மட்டும் இல்லை. இந்தக் கதைக்கு முடிவு வரும் நாள் என்றால் அது கண்ணாடி உடையும் நாள்தான். அதனால் நான் முடிக்கப்போவதில்லை. தாளின் கடைசி வரியை அப்படியே தருகிறேன். நீங்கள் இதைப் படிக்கும் தேதியை அடைப்புக்குள் எழுதிக்கொள்ளுங்கள்.

இன்று [                    ]: உடையவில்லை.