தேயிலைச் சம்பந்தி கொண்டுபோன பலகாரம்

ஏழுமலைக்கு இலங்கையின் பெல்மதுளைப் பக்கத்தில் ஒரு பட்டப்பெயர் உண்டு: தேயிலைச் சம்பந்தி. மகள் தர்மிளாவைக் கட்டிக்கொடுத்த பிறகு முதல் தடவை பார்க்கப் போனபோது, மனுஷன் கடை கடையாக ஏறி இறங்கி உயர்ந்த ரகத் தேயிலைத்தூள் அரைக் கிலோ வாங்கிப் போனார். சம்பந்தி வீடு இருந்ததோ தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடுகளில். இருபது வருஷம் கொழுந்து பறித்த சம்பந்தியம்மா தங்கம்மா அந்தப் பொட்டலத்தை மோந்து பார்த்து, "எங்க தோட்டத்துத் தூளுதான்" என்றாள். லயத்துக் காம்பரா அத்தனையும் சிரித்தது. ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிற ஏழுமலைக்கு அன்று போன மானம் இன்னும் திரும்பி வரவில்லை.

இந்தப் பலகாரக் கதை நடந்தது 2001இல். ஞாயிறு தவறாமல் ஏழுமலையின் ஊரான புளத்கொகுபிட்டிய டவுனில் இருந்த கொமினிகேஷன் கடைக்கு, அதாவது டெலிபோன் கடைக்கு, தர்மிளா பத்து மணிக்குக் கோல் எடுப்பாள்; அவர் அங்கே காத்திருப்பார். அந்த வாரம் அவள் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

"அப்பா, சாப்பாட்ட வாயில வைக்கவே முடியலப்பா..."

அதோடு லைன் அறுந்தது. ஒற்றைப் பிள்ளையை அந்தத் தங்கம்மா பட்டினி போடுகிறாள்! ஓட்டமாக வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னார். அவள் "அப்பிடியா?" என்று கேட்டுவிட்டு முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். சிரிக்கிறாளோ என்று கூட அவருக்குச் சந்தேகம் வந்தது.

"முட்டி வீங்கிக் கெடக்கு, நான் வரல. நீங்க நாளைக்கே போய்ப் பாத்துட்டு வாங்க. இந்த ஊறுகாய மட்டும் குடுங்க, போதும். வழியில ஒண்ணும் வாங்காதீங்க."

ஜாம் போத்தலில் எலுமிச்சங்காய் ஊறுகாய். சம்பந்தி வீட்டுக்கு ஊறுகாயா! "பெத்தவளா நீ?" என்று கேட்டு, போத்தலைப் பையின் அடியில் அமுக்கிவிட்டு மறுநாள் விடியற்காலை பஸ் ஏறினார்.

அவிசாவளையில் பஸ் மாறும்போது கூடைக்காரி ஒருத்தி மறித்தாள்.

"தாத்தே, தலகுலி! துவட்ட கெனியன்ன!"

சிங்களத்தில் தாத்தா என்றால் அப்பா. துவ என்றால் மகள். அப்பா, மகளுக்குக் கொண்டு போங்கள் என்கிறாள். முன்பின் தெரியாதவளுக்கு இருக்கிற அக்கறை வீட்டில் இருக்கிறவளுக்கு இல்லையே என்று ஏழுமலை நொந்துகொண்டார். தலகுலி என்பது வெல்லம் போட்டு இடித்த எள்ளுருண்டைதான். பளபளக்கும் தாளில் சுற்றி, ஒரு பெட்டிக்கு இருபது. வாங்கிக்கொண்டார்.

இரத்தினபுரியில் இறங்கியவர் நேரே, எல்லோரும் 'நானா', அதாவது அண்ணன், என்று கூப்பிடும் நிலாமின் பேக்கரிக்குள் நுழைந்தார். கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் அரை மணி நேரம் நின்றார். மீன் வைத்த மாலு பனிஸ் ஊசிப்போகும். கிம்புலா பனிஸ் அசல் முதலை மாதிரியே இருந்தது. சம்பந்தி வீட்டுக்கு முதலையையா கொண்டுபோவது? பட்டர் கேக் சும்மா மஞ்சளாக, அப்பாவியாக இருந்தது. அதை மட்டும் வாங்கியிருந்தால் இந்தக் கதையே இல்லை.

"வீட்ல ஏதும் விசேஷமா?" என்று நிலாம் கேட்டார்.

"விசேஷம் ஒண்ணும் இல்ல நானா. புள்ள பசியில கெடக்கு."

"அப்ப இந்த டார்ட்ட கொண்டு போங்க. உள்ளுக்கு அன்னாசி ஜாம். இந்த கேக்கையும் எடுங்க, பூரா பப்பாசி தோசி. சீனிப்பாகுல ஊறப்போட்ட பழம், மெழுகு மாதிரி போகும்."

அன்னாசி டார்ட், பப்பாளி கேக் இரண்டையும் கட்டச் சொன்னார். மூன்று பெட்டியையும் மடியில் அடுக்கிக்கொண்டு பெல்மதுளை வரைக்கும் குழந்தையைப் போல அணைத்துப் பிடித்திருந்தார். பட்டப்பெயர் இன்றோடு ஒழிந்தது என்று நினைத்தார்.

தங்கம்மா பேசினால் பாதி தமிழ், பாதி சிங்களம். "வாங்க சம்பந்தி, வாடி வென்ன, உக்காருங்க" என்று ஒரே விஷயத்தை இரண்டு பாஷையில் சொன்னாள். தர்மிளா வெளிறிப்போய், கண்ணுக்குக் கீழே கருவளையத்தோடு வந்து நின்றாள். ஏழுமலைக்கு ரத்தம் கொதித்தது. அடக்கிக்கொண்டு முதல் பெட்டியைத் திறந்தார்.

தர்மிளா ஒரு தலகுலியை எடுத்துத் தாளைப் பிரித்தாள். தங்கம்மா பருந்து மாதிரி பாய்ந்து பிடுங்கினாள். "எள்ளா? வையி அத!" பெட்டி சாமிப் படத்துக்குப் பக்கத்துப் பலகைமேல் ஏறிவிட்டது.

ஏழுமலை பல்லைக் கடித்துக்கொண்டு டார்ட்டை எடுத்து நீட்டினார். "அன்னாசி ஜாம் வச்சது, சாப்புடு தாயி." தர்மிளாவின் கண்ணில் ஆசை தெரிந்தது. ஆனால் மாப்பிள்ளை சுதாகரன் குறுக்கே விழுந்து ஒன்றை வாயில் போட்டான், இன்னொன்றையும் திணித்துக்கொண்டான், மூன்றாவதைக் கையில் பிடித்துக்கொண்டு, "ஜோரு மாமா" என்று தூள் பறக்கச் சொன்னான். பெண்டாட்டிக்கு ஒரு துண்டு கொடுக்க வேண்டுமே என்ற எண்ணம் அந்தத் தின்னிப் பண்டாரத்துக்கு இல்லை.

கேக் பெட்டியைத் தங்கம்மாவே வாங்கினாள். "இதுல என்னங்க போட்டிருக்கு?"

"பப்பாசிங்க!" என்றார் ஏழுமலை பெருமையாக. "பூரா பப்பாசி!"

"அம்மே!" என்று தங்கம்மா மூடியை அமுக்கிப் பெட்டியை முதுகுக்குப் பின்னால் ஒளித்தாள்.

அவ்வளவுதான். ஏழுமலை எழுந்து நின்றார்.

"தேயிலை கொண்டாந்தவன்னு இளக்காரமா? புள்ளய பட்டினி போட்டு எலும்பும் தோலுமா ஆக்கிட்டு, பெத்தவன் கொண்டாந்ததயும் புடுங்கி வைக்கிறீங்களே, அடுக்குமா இது? தர்மிளா, உடுப்ப எடுத்துக்க! போறோம்!"

தர்மிளா அசையவில்லை. தங்கம்மா மட்டும் வாயெல்லாம் பல்லாக நின்றாள்.

"கோவிச்சுக்காதீங்க, தாத்தா."

"எதுக்கு சிங்களத்துல நழுவுறீங்க? தமிழ்லயே சொல்லுங்க! நான் அவளுக்கு அப்பா! அப்பா!"

"தமிழ்லதாங்க சொல்றேன்" என்றாள் தங்கம்மா.

ஏழுமலையின் நீட்டிய விரல் அப்படியே நின்றது. மகளைப் பார்த்தார். அவள் கால் கட்டைவிரலைப் பார்த்தாள். மாப்பிள்ளைக்கு டார்ட் புரையேறியது.

"மூணு மாசம் முடிஞ்சப்புறம் வாயத் தொறக்கலாம்னு இருந்தோம். அவளுக்கு எதத் தின்னாலும் வாந்தி. நீங்க என்னடான்னா எள்ளு, அன்னாசி, பப்பாசின்னு, புள்ளத்தாச்சிக்கு ஆகாதது எதெதுவோ அத ஒண்ணு விடாம பொறுக்கிக்கிட்டு வந்து நிக்கிறீங்க!"

ஏழுமலை பொத்தென்று உட்கார்ந்தார். முந்தானைக்குள் சிரித்த மனைவியின் முகம் இப்போதுதான் அவருக்கு விளங்கியது. அந்தக் கள்ளி அப்போதே கண்டுபிடித்துவிட்டாள். பையின் அடியைத் துழாவி ஊறுகாய்ப் போத்தலை எடுத்தார்.

மூடியைத் திறந்ததுமே தர்மிளா ஓடி வந்தாள். உட்கார்ந்து ஒரு தட்டுச் சோற்றை, ஊறுகாயை வழித்து வழித்துத் தின்றாள், விரலையும் விடவில்லை. ஒரு பருக்கைகூட வெளியே வரவில்லை. ஏழுமலை அழுதார். அழுதபடியே தலகுலி ஒன்றை வாயில் போட்டுக்கொண்டார். அவருக்கு எந்த விலக்கும் இல்லையே.

சாயங்காலம் தங்கம்மா அவர் பையில் ஒரு பொட்டலம் வைத்தாள். "சம்பந்தியம்மாவுக்கு. எங்க தோட்டத்துத் தூளு" என்றாள்.

அவிசாவளையில் இறங்கியபோது அதே கூடைக்காரி அதே இடத்தில் நின்றாள்.

"தாத்தே!"

ஏழுமலை திகைத்து நின்றார்.

"அடியாத்தி, அதுக்குள்ள உனக்கும் தெரிஞ்சிருச்சா?" என்று கேட்டு, இன்னொரு பெட்டி வாங்கினார்.